இருபது ஆண்டு வைக்கோல்: யாழ்ப்பாணத்தில் கால்நடைச் சரணாலயம் அமைப்பதற்கான வழிகாட்டி

கட்டாக்காலியாகத் திரியும் பசு ஒன்றையோ, இறைச்சிக்கடைக்குப் போகவிருந்த கிடாய் ஒன்றையோ மீட்டு வளவுக்குக் கொண்டுவருவது அரைநாள் வேலைதான். ஆனால் அந்தப் பசு இருபது ஆண்டுகள் வரையும், ஆடு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும், முட்டைக்கோழி ஏழெட்டு ஆண்டுகளும் உயிரோடிருக்கக் கூடும். அத்தனை காலமும் அவற்றின் பாலையோ இறைச்சியையோ குட்டிகளையோ விற்காமல், தீனும் தண்ணீரும் மருந்தும் கொடுத்து, இறுதியில் ஒழுங்காக அடக்கம் செய்வதுவரை பொறுப்பேற்பதே கால்நடைச் சரணாலயம் என்பதன் பொருள். ஆகவே இந்த வழிகாட்டி மீட்பிலிருந்து தொடங்கவில்லை. தண்ணீர், வைக்கோல், காணி உறுதி ஆகிய மூன்றும் ஒழுங்காகும்வரை ஒரு குட்டியைக்கூட உள்ளே எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

இந்த முறைமைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது 1986இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘ஃபார்ம் சாங்சுவரி’ என்ற அமைப்பு. பென்சில்வேனியா மாநிலத்தின் லான்காஸ்டர் கால்நடைச் சந்தையில், இறந்த விலங்குகளின் குவியலில் உயிரோடு கிடந்த செம்மறி ஒன்றை எடுத்து, அதற்கு ‘ஹில்டா’ எனப் பெயரிட்டதிலிருந்து அவர்களின் பணி தொடங்கியது. இத்தகைய இடங்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் விதிகள் மூன்று: இனப்பெருக்கம் செய்விப்பதில்லை, விற்பதில்லை, எந்த உற்பத்திக்கும் பயன்படுத்துவதில்லை. நம்மிடையே உள்ள கோசாலை வேறு வகையானது. அங்கே பெரும்பாலும் பசுவுக்கே இடம், பாலும் கறக்கப்படும். கோசாலையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும் பசுக்கள் கன்று ஈன்றுகொண்டேயிருக்கும் ஓரிடத்தில், நாம்பன் கன்றுகள் எங்கே போகின்றன என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால், அதைச் சரணாலயம் என்று அழைப்பது பொருந்தாது.

காணியும் கிணறும்

காணி பார்க்கப் போகும் மாதம் ஆவணி அல்லது புரட்டாதியாக இருக்கட்டும். தை மாதத்தில் பார்த்தால் எல்லாக் கிணறும் நிறைந்திருக்கும், எல்லாத் தண்ணீரும் நன்னீராகவே இருக்கும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர் நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. கோடையில் மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். வெயில் காலத்தில் ஒரு நாட்டு மாடு நாளொன்றுக்கு 30 முதல் 50 லீற்றர் வரை குடிக்கும்; ஆடு நான்கைந்து லீற்றர் குடிக்கும். பத்து மாடும் இருபது ஆடும் உள்ள சிறிய சரணாலயத்துக்குக் குடிப்பதற்கும் கொட்டில் கழுவுவதற்கும் சேர்த்து நாளுக்கு ஆயிரம் லீற்றர் தேவையென்று வைத்துக்கொண்டு, புரட்டாதிக் கடைசியிலும் அந்தக் கிணறு அதைத் தருமா என்று அயலவரிடம் கேட்டறிய வேண்டும். விற்பவரிடம் கேட்பதில் பயனில்லை.

அதே கிணற்றை நாமே கெடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. சுண்ணக்கல்லில் வடிகட்டும் மண் குறைவு என்பதால், எருக்கும்பியிலிருந்து வழியும் நீர் விரைவாக நிலத்தடி நீரைச் சென்றடையும். வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடியிருக்கிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. மிஞ்சினால் கைக்குழந்தைகளுக்கே முதலில் ஆபத்து. எருக்கும்பிக்குச் சீமெந்துத் தரையும் மேலே கூரையும் அமைத்து, நமது கிணற்றிலிருந்தும் பக்கத்துக் காணிக் கிணற்றிலிருந்தும் குறைந்தது முப்பது மீற்றர் தள்ளி வைப்பதே நல்லது. அயலவரோடு வரும் பிணக்குகளில் பாதி இதிலிருந்துதான் தொடங்கும். மீதி, வேலி பாய்ந்த ஆட்டிலிருந்து.

மேற்சொன்ன எண்ணிக்கைக்கு மூன்று ஏக்கருக்குக் குறைந்த, அதாவது 48 பரப்புக்குக் குறைந்த காணியில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வலிகாமத்துச் செம்மண்ணில் அவ்வளவு காணியை ஒன்றாக வாங்குவது பெரும் செலவு. அந்த மண் மரக்கறிக்கும் வெங்காயத்துக்கும் உரியது. தென்மராட்சியிலும் வடமராட்சி கிழக்கிலும் மண் மணற்பாங்கானது, மேய்ச்சல் வெட்டையும் கூடுதலாக உண்டு. வாங்குவதானால் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமையை மறக்கக் கூடாது: பங்குடைமையாளருக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை இருப்பதால், அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுத்த பின்னரே உறுதி எழுத வேண்டும். மணமான பெண்ணின் காணியாயின் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். பங்காளர் மூவரில் இருவர் கனடாவிலும் ஒருவர் பிரான்சிலும் இருப்பது நம் ஊரில் வழக்கமான நிலை. அவர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் அற்றோணித் தத்துவம் வந்துசேரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். குத்தகையாயின் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிவுசெய்ய வேண்டும். போர்க்காலத்தில் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்து விடுவிக்கப்பட்ட காணியென்றால், கண்ணிவெடி அகற்றப்பட்டதை உறுதிப்படுத்தும் ஆவணத்தைப் பிரதேச செயலகத்தினூடாகப் பெற்ற பின்னரே மாட்டை அவிழ்த்துவிட வேண்டும்.

கொட்டில்

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலையொட்டி வந்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. வெயிலுக்குப் பழகிய, உடம்பில் கொழுப்பில்லாத விலங்குகள் நனைந்தபடி திறந்த வெளியில் காற்றில் நின்றதே காரணம். வெப்பம்தான் நமது பிரச்சினை என்று எண்ணி நான்கு பக்கமும் திறந்து கொட்டில் போடுபவர்கள் இதை மறக்கக் கூடாது. கோடையில் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். அந்தப் பக்கம் திறந்திருக்கட்டும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்தில் மாட்டின் முதுகுயரத்துக்குக் கற்சுவரும் அதற்குமேல் இறக்கிவிடக்கூடிய படங்கும் வேண்டும். கூரைக்குத் தகரம் போட்டு அதன்மேல் கிடுகு வேய்வது வெப்பத்தைத் தணிக்கும். ஒரு மாட்டுக்கு நான்கு சதுர மீற்றர் மூடிய இடமும், அதைப்போல் இருமடங்கு திறந்த முற்றமும் போதுமானவை. ஆட்டுக்கு நிலமட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் பனஞ்சலாகைப் பரண் அமைக்க வேண்டும். ஈரத்தரையில் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பழுகலும் சளியும் தவறாமல் வரும்.

வேலிக்கு முள்ளுக்கம்பியைத் தவிர்த்து, பூவரசு, கிளுவைக் கதியால்களை நெருக்கமாக நட்டு, உட்பக்கம் நான்கடி உயரத்துக்குக் கம்பிவலை அடிக்கலாம். உயிர்வேலி தீனுமாகும். கட்டாக்காலி நாய்கள் ஆடுகளையும் கன்றுகளையும் கடித்துக் குதறுவதும், இறைச்சிக்காக இரவில் மாடு களவெடுப்பதும் நாம் அறிந்தவை. ஆகையால் இரவில் எல்லா விலங்கும் பூட்டிய படலைக்குள் இருக்க வேண்டும், ஒருவராவது காணியிலேயே தங்க வேண்டும்.

நம் முன்னோர் கேணியடியிலும் தெருவோரத்திலும் ஆவுரோஞ்சிக்கல் நட்டு வைத்தனர். மாடு தன் கழுத்தையும் விலாவையும் உரோஞ்சிக்கொள்வதற்காக மட்டும் ஒரு கல்லை நிறுத்திய ஊர் இது. முற்றத்தில் அப்படியொரு கல்லை நட்டால் செலவு சொற்பம். கயிற்றிலேயே வாழ்ந்து வந்த மாடு முதலில் தேடிப்போவது அதைத்தான்.

தீன்

உள்ளூர் மாடு சுமார் 220 கிலோ எடையுள்ளதெனில், நாளொன்றுக்கு உலர்நிறையில் ஐந்தரைக் கிலோ தின்னும். பத்து மாட்டுக்கு 55 கிலோ. அதில் 40 கிலோவை வைக்கோலாகக் கொடுப்பதாக வைத்தால், சித்திரை தொடங்கிப் புரட்டாதி முடியும்வரை ஏழு தொன்னுக்குமேல் தேவைப்படும். காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் தென்மராட்சியிலும் கிளிநொச்சியிலும் வைக்கோல் மலிவாகக் கிடைக்கும். ஆடி மாதத்தில் கேட்டால் விலை கேட்டுத் திரும்பிவர வேண்டியதுதான். எனவே கொட்டிலுக்கு முன்பே வைக்கோற்போர் வைக்கும் இடத்தைத் தீர்மானியுங்கள். மழை புகாத மேடாகவும், நெருப்புப் பரவாதபடி கொட்டிலிலிருந்து தள்ளியும் அது இருக்க வேண்டும்.

வெறும் வைக்கோலில் சத்துக் குறைவு. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நூறு லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப்புகாமல் மூடி இரண்டு மூன்று கிழமை வைத்தால் அது மென்மையாகிச் செரிக்கும் தன்மையும் கூடும். யூரியாவை நேரடியாகத் தின்றுவிட்டால் மாடு இறக்கக் கூடும் என்பதால், முதன்முறை செய்யும்போது மிருக வைத்தியரின் வழிகாட்டலோடு செய்யுங்கள். இளங்கன்றுகளுக்குக் கொடுக்க வேண்டாம். பச்சைத் தீனுக்குப் பனையின் பச்சை ஓலையைக் கிழித்துப் போடுவது பழைய யாழ்ப்பாண வழக்கம். அதைக் கைவிட வேண்டியதில்லை. பூவரசு, முருங்கை, அகத்தி, சீமைக்கிளுவை ஆகியவற்றின் குழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும். இப்பிலிப்பிலை மட்டும் மொத்தத் தீனில் மூன்றிலொரு பங்குக்குமேல் போடக் கூடாது. மிஞ்சினால் மயிர் உதிரும். மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடுத்தால் சயனைட்டு நஞ்சேறும். அலரி வேலியருகே ஆட்டைக் கட்டக் கூடாது. பார்த்தீனியம் முளைத்த காணியை, கையுறை அணிந்து, பூக்கும் முன்னரே வேரோடு பிடுங்கித் துப்புரவாக்கிய பின்னரே மேயவிட வேண்டும்.

சரணாலயம் ஊரில் அறியப்பட்டதும் திவசத்துக்கும் பிறந்தநாளுக்கும் மக்கள் சோறும் பொங்கலும் வாழைப்பழக் குலையுமாக வருவார்கள். அன்போடு கொண்டுவருவதை மறுப்பது கடினம். ஆனால் ஒரு வாளி சோறு உள்ளே போனால் மாட்டின் முதலிரைப்பையில் அமிலம் பெருகி, ஒன்றிரண்டு நாளில் அது விழுந்துவிடும். படலையிலேயே ஒரு பலகை எழுதி வையுங்கள்: அகத்திக்கட்டு, பச்சைப்புல், வைக்கோலுக்கான காசு ஆகியவை மட்டும் ஏற்றுக்கொள்ளப்படும்.

எந்த விலங்கை ஏற்பது, எதை மறுப்பது

இறைச்சிக்கடைக்காரரிடம் காசு கொடுத்து விலங்கை மீட்பதற்கு நான் உடன்பாடானவன் அல்லன். அந்தக் காசில் அவர் மறுநாள் இன்னொன்றை வாங்குவார். ஊரில் கேட்டவிலை கொடுக்கும் ஆள் இருக்கிறார் என்ற செய்தியும் பரவும். இதைச் சொல்லும்போது கண்முன் நிற்கும் கன்றின் முகம் நியாயம் எதையும் கேட்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் இந்த விதியை முதல் நாளிலேயே எழுதி வைக்காத இடங்கள் இரண்டாவது ஆண்டிலேயே கொள்ளளவைத் தாண்டிவிடும்.

காசின்றி வரக்கூடியவை போதியளவு உண்டு: நேர்ந்துவிடப்பட்டுப் பின் கவனிப்பாரற்றுப் போன கோயில் மாடுகள், வண்டிச் சவாரியில் ஓடி முடிந்த நாம்பன்கள், வாகனத்திலோ புகையிரதத்திலோ அடிபட்டவை, பால் வற்றியதும் அவிழ்த்துவிடப்பட்டவை, கோயில் வேள்வியில் பலியிடவென வளர்க்கப்பட்டுப் பின் பலியிடாமல் விடப்பட்ட கிடாய்கள். கோயில்களில் உயிர்ப்பலியை ஆறுமுக நாவலர் தம் காலத்திலேயே கண்டித்தார். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் இந்துக் கோயில்களில் மிருக பலிக்குத் தடை விதித்துத் தீர்ப்பளித்தது. அத்தகைய கிடாயை வளர்த்தவரே மனமுவந்து தருவாராயின் ஏற்றுக்கொள்ளலாம்.

எப்படி வந்தாலும் கையளிப்புப் பத்திரம் இன்றி எதையும் ஏற்கக் கூடாது. உரிமையாளர், பெறுபவர், சாட்சிகள் இருவர் ஆகியோரின் கையொப்பம், விலங்கின் நிறம், குறி, காது அடையாளம், தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். மாடுகளைக் கொண்டுசெல்வதையும் அறுப்பதையும் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. எனவே நல்ல நோக்கத்தோடு ஏற்றி வந்தாலும் உரிய அனுமதிப்பத்திரம் கையிலில்லாவிட்டால் நீங்களும் மாட்டுக் கடத்தல்காரராகவே வீதிச் சோதனையில் நிற்க நேரிடும். கட்டாக்காலிகளைப் பொறுத்தவரை பிரதேச சபையோடு முன்கூட்டியே எழுத்துமூல உடன்பாடு செய்துகொள்ளுங்கள். பொலிசார் கைப்பற்றி ஒப்படைக்கும் மாடு வழக்கு முடியும்வரை சான்றுப் பொருளாகும். நீதிமன்றம் அதை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்கவும் கூடும் என்பதை ஊழியர்களுக்கு முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். கொடுமை குறித்து முறையிடுவதற்கு 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. அது விதித்த தண்டம் நூறு ரூபா. ஆகவே முறைப்பாட்டைவிட உரிமையாளரோடு பேசித் தீர்ப்பதே பல வேளைகளில் பயன் தரும்.

நோய்

புதிதாக வருவது முப்பது நாள் தனிக்கொட்டிலில் நிற்க வேண்டும். அதற்கு வேறு வாளி, வேறு கயிறு, வேறு செருப்பு. அதை மற்றவற்றைக் கவனித்த பின் கடைசியாகவே கவனிக்க வேண்டும். இந்த முப்பது நாளுக்குள், கருச்சிதைவை உண்டாக்கி மனிதருக்கும் தொற்றக்கூடிய புருசெல்லோசிசுக்கு இரத்தப் பரிசோதனையும், கால்வாய் நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசியும், குடற்புழு மருந்தும் அரச மிருக வைத்திய அலுவலகத்தினூடாக முடிய வேண்டும். 2020இல் வடக்கில் தோல்கழலை நோய் பரவியபோது ஈயும் நுளம்பும் அதைக் கொட்டிலுக்குக் கொட்டில் கொண்டு சென்றன. எரு தேங்காமலிருப்பதும் நோய்த்தடுப்பே. நாம்பன்களுக்கும் கிடாய்களுக்கும் வந்த மாதத்திலேயே நலமடிக்க (விதை நீக்க) வேண்டும்.

தெருவில் தின்று வாழ்ந்த மாட்டின் வயிற்றில் பொலித்தீன் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வயிறு இடப்பக்கம் புடைத்து, அசைபோடாமல், நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டு போனால் அறுவைச் சிகிச்சை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். ஆட்டின் கீழிமையை வாரம் ஒருமுறை விரித்துப் பாருங்கள். சிவப்பு மாறி வெளிறியிருந்தால் இரத்தமுறிஞ்சும் புழு. இறைச்சிக்கோழி ஆறு வாரத்தில் அறுப்பதற்கென்றே பெருக்கப்பட்ட இனம். அதற்கு வேண்டியமட்டும் தீன் போட்டால் கால் தாங்காது, நெஞ்சு தாங்காது, எனவே அளந்தே போட வேண்டும்.

பணியாளரையும் மறந்துவிடக் கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் பலர் இறந்தனர். மாரியில் கொட்டிலுக்குள் வெறுங்காலோடு இறங்கக் கூடாது; தடுப்பு மருந்து குறித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

இறப்பைப் பற்றித் தொடங்கும் முன்னரே பேசி முடிவுசெய்வது நல்லது. இடுப்பெலும்பு முறிந்து எழமுடியாமல் கிடக்கும் பசுவை ஊசிபோட்டு அமைதியாகப் போகவிடுவதா, தானாக இறக்கும்வரை வைத்திருப்பதா என்பதில் நம்மவரிடையே கருத்து ஒன்றல்ல. பசுவென்றால் இன்னும் கடினம். தீர்க்க முடியாத வலியில் வைத்திருப்பது இரக்கமல்ல என்பதே என் நிலைப்பாடு. எனினும் நிர்வாகத்தில் உள்ளோர் இதில் உடன்படாவிட்டால், நள்ளிரவில் அந்தப் பசுவின் தலைமாட்டில் நின்று வாதிட நேரும். புதைப்பதற்கும் இடம் குறித்து வையுங்கள். வலிகாமத்தில் பல இடங்களில் இரண்டு மூன்று அடியிலேயே கல் தட்டும்; ஆறடி தோண்ட முடியாத காணியில் மாட்டைப் புதைத்தால் நாய் கிளறும், கிணறு கெடும்.

பணமும் பொறுப்பும்

பதிவுக்கு வழிகள் பல. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதியலாம். 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக்கலாம். நம்பிக்கைப் பொறுப்பு உறுதி எழுதலாம். சிறிதாகத் தொடங்குவோருக்கு மூன்றாவது எளிது. காணி தனியொருவர் பெயரில் இராமல் அமைப்பின் பெயரில் இருப்பதே முக்கியம்.

புலம்பெயர்ந்தோரின் பெருந்தொகை நன்கொடை ஒருமுறை வரும், கட்டடமாகும், அதில் பெயர்ப்பலகை தொங்கும். ஆடி மாதத்து வைக்கோலுக்கு அது உதவாது. மாதாமாதம் சிறுதொகை அனுப்பும் முப்பது பேரை, ஒருமுறை பெருந்தொகை தரும் ஒருவருக்கு மேலாக மதியுங்கள். ஒரு மாட்டின் ஒரு மாதச் செலவை உண்மையாகக் கணக்கிட்டு, அதைப் பொறுப்பேற்பவருக்கு மூன்று மாதத்துக்கொருமுறை கணக்கும் படமும் அனுப்ப வேண்டும். ஆறு மாதச் செலவு வங்கியில் தொடாமல் இருக்கும்வரை எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. எருவை விற்பதில் தவறில்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது தோட்டக்காரர் மாட்டெருவைத் தேடி அலைந்ததை நாம் கண்டோம். பத்து மாடு நாளுக்கு நூறு கிலோவுக்குமேல் சாணமிடும்.

கடைசியாக, உறுதியில் ஒரு வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும்: நடத்துபவர் இறந்தாலோ, நோயுற்றாலோ, பிள்ளைகளிடம் வெளிநாடு போனாலோ, அன்று காணியில் நிற்கும் விலங்குகளை யார் பொறுப்பேற்பது, அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வருவது என்பன பெயர் குறித்து எழுதப்பட வேண்டும். அந்தப் பெயருக்குரியவரை அழைத்துவந்து, மாடுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அவற்றின் வயதையும் சொல்லி, அதன் பின்னரே அவரிடம் கையொப்பம் வாங்குங்கள்.